கிறிஸ்துமஸ் வாரத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் வந்து இறங்கியிருக்கிறேன்; ஊரே மூடிக்கொண்டிருக்கிறது

முதல்குளிர் | 22 டிசம்பர் 2024, மாலை 5.10

அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறது. முதுகலைப் படிப்பின் கடைசி ஓராண்டை இங்கே முடிக்கவேண்டும். வகுப்பு ஜனவரி நடுவில்தான் தொடங்குகிறது. பிறகு ஏன் இப்போதே போனாய் என்று என் அத்தை கேட்டதைப் போலவே நீங்களும் கேட்பீர்கள். வீட்டுக்காரம்மா 21ஆம் தேதி தெற்கே மகள் வீட்டுக்குப் போகிறார், ஜனவரி 6க்குப் பிறகுதான் திரும்புவார். சாவி வேண்டுமென்றால் அதற்குள் வா என்றார். வந்துவிட்டேன்.

நான்காவது மாடியில் ஒற்றை அறை. லிப்ட் கிடையாது. மாடிப்படி விளக்கைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடுகிறது. முதல் நாள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, 23 கிலோ பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கும்மிருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மாடியிலும் சின்ன பொத்தான் ஒன்று மினுக்கிக்கொண்டிருப்பது மறுநாள்தான் கண்ணில் பட்டது.

இன்று ஞாயிறு. தெருவில் ஒரு மளிகைக் கடைகூடத் திறக்கவில்லை. காலை எட்டேகாலுக்கு மேல்தான் சூரியன் வந்தது, நாலரை தாண்டியதும் போய்விட்டது. வந்தது என்று சொல்வதும் மரியாதைக்காகத்தான், மூடுபனியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது, அவ்வளவே. அம்மா கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சலும் அரை கிலோ அரிசியும் இருக்கின்றன.

எந்த வேலையை இப்போது தொடங்கலாம், எதற்குக் காத்திருக்கவேண்டும்? இங்கே படித்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு நாளாக யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கணக்குப்பிள்ளை | 22 டிசம்பர், மாலை 6.02

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு உதவுகிறேன். டிசம்பர் 20இலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை பிரான்ஸுக்கு மாணவர்கள் வரவே கூடாது. பல்கலைக்கழகம் மூடியிருக்கும். குறைந்த விலைக்குச் சாப்பாடு போடும் மாணவர் உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். வங்கியில் பேச ஆள் கிடைப்பது அரிது. நீங்கள் இரண்டு வார வாடகையைக் குளிருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

சரி, வந்தாயிற்று. நாளையும் மறுநாளும் கடை உண்டு. 24ஆம் தேதி மாலைக்குள் நான்கு நாளைக்கான பொருளை வாங்கி வையுங்கள். ஏனென்றால் நீங்கள் இருப்பது அல்சாஸ். பிரான்ஸின் மற்ற பகுதிகளில் 25 மட்டும்தான் விடுமுறை. அல்சாஸிலும் மோசேலிலும் 26ஆம் தேதியும் விடுமுறை. 1871இலிருந்து 1918வரை அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. திரும்பி வந்தபோது பழைய சட்டங்கள் சிலவற்றை விடமாட்டோம் என்று வைத்துக்கொண்டார்கள், அதில் இந்த விடுமுறையும் ஒன்று. புனித வெள்ளியும் அப்படித்தான். பாரிஸில் இருக்கும் நண்பர் 26 அன்று கடை உண்டு என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். என் நண்பர் ஒருவர் நம்பினார், இரண்டு வேளை உலர்திராட்சை சாப்பிட்டார்.

இணையத்தில் முடிகிற வேலைக்கு விடுமுறை கிடையாது. உங்களுடையது நெடுங்கால மாணவர் விசாவா? அப்படியானால் வந்த மூன்று மாதத்துக்குள் உள்துறையின் இணையதளத்தில் அதை உறுதிசெய்யவேண்டும். கட்டணம் உண்டு. இப்போதே செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிட்டதே, போதாதா என்று நினைத்து மறந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காஃப் என்ற அமைப்பு தரும் வாடகை உதவி. குடியேறிய மாதத்துக்கு அவர்கள் தருவதில்லை, அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கு. இப்போதே விண்ணப்பம் போட்டால் ஜனவரி கணக்கில் வரும், பணம் பிப்ரவரி 5 வாக்கில் கைக்கு வரும். பிப்ரவரிவரை தள்ளிப்போட்டால் ஒரு மாதம் போயிற்று, பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். ஆவணம் குறைந்தாலும் பரவாயில்லை, விண்ணப்பத்தைத் திறந்துவிடுங்கள்.


லாசப்பல் வாசி | 22 டிசம்பர், இரவு 8.45

தம்பி, பயப்படாதீர்கள். நான் 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அப்போது எனக்கு விசாவும் இல்லை, வாடகை உதவியும் இல்லை, செருப்பும் சரியாக இல்லை. அதைப் பிறகு கதைப்போம்.

முடியுமென்றால் பாரிஸுக்கு வாருங்கள். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் நடந்தால் லாசப்பல் வந்துவிடும். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் கிடைக்கும். நத்தார், அதாவது கிறிஸ்துமஸ் அன்றும் ஏதாவது ஒரு கடையில் தேநீர் இருக்கும். பதினெட்டாம் வட்டாரத்தில் மாணிக்க விநாயகர் கோயிலும் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

இங்கே ரொந்தேவு, அதாவது முன்கூட்டியே நேரம் எடுக்காமல் பல்வலிகூட வரக்கூடாது. அதனால் வங்கிக்கு, மருத்துவக் காப்பீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் இன்றிரவே இணையத்தில் நாள் குறித்து வையுங்கள்.


முதல்குளிர் | 22 டிசம்பர், இரவு 9.20

அண்ணா, அன்புக்கு நன்றி. ரயில் பார்த்தேன், 24ஆம் தேதிக்கு ஒரு வழிக்கே 90 யூரோவுக்கு மேல். விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை ஐயா, விசா உறுதிசெய்தாயிற்று. காஃப் விண்ணப்பத்தில் பாதியில் நிற்கிறேன், பிரெஞ்சு வங்கிக் கணக்கு எண் கேட்கிறது.


கணக்குப்பிள்ளை | 22 டிசம்பர், இரவு 9.31

அதைப் பிறகு சேர்க்கலாம். சேமித்துவிட்டு மேலே போங்கள். ஐயா வேண்டாம், எனக்கு 29 வயது.


புதுவைக்காரி | 23 டிசம்பர், காலை 10.15

லாசப்பல் அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டேன். வந்த மூன்றாம் நாளே இடியப்பத்தைத் தேடி ஓடினால் அந்த அறை இந்த ஆண்டு முழுக்க அந்நியமாகவே இருக்கும். நான் லியோனில் படித்தேன். எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். வீட்டில் பிரெஞ்சு புழங்கும், 1962இல் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். அப்படியிருந்தும் என் முதல் டிசம்பரில் நான் பத்து நாள் அழுதேன். மொழி தெரிந்ததால் எந்த லாபமும் இல்லை, பேச ஆள் இருந்தால்தானே மொழி.

நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. படம் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் என்றால் தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம் என்று நினைத்து வருகிறோம். சந்தை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் 24ஆம் தேதி இரவு அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். சிப்பி, வாத்து ஈரல், சேவல், கடைசியில் விறகுக்கட்டை வடிவத்தில் ஒரு கேக் என்று நள்ளிரவுவரை மேசையை விட்டு எழமாட்டார்கள். அடுப்பில் பெரிய கட்டை ஒன்றை இரவெல்லாம் எரியவிட்ட பழைய வழக்கத்தின் எச்சம்தான் அந்தக் கேக். தெருவில் ஈ காக்கை இருக்காது. பொங்கலன்று காலையில் சென்னையில் தனியாக நடந்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

எனவே இன்றும் நாளையும் வெளியே போங்கள். கடையில் நுழைந்ததும் முதல் சொல் போன்ஜூர். கேள்வி அதற்குப் பிறகுதான். போன்ஜூர் சொல்லாமல் ‘அரிசி எங்கே’ என்று கேட்டால் அரிசி இருக்கும் இடமே அவர்களுக்கு மறந்துபோகும். மாடிப்படியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.


மூன்றாம் பனி | 23 டிசம்பர், மதியம் 1.40

கணக்குப்பிள்ளையின் தடையுத்தரவை எதிர்க்கிறேன். செப்டம்பரில் வருகிறவன் கூட்டத்தில் வருகிறான். வரிசையில் நிற்கிறான், எதையும் பார்ப்பதில்லை. டிசம்பரில் வருகிறவனுக்கு ஊர் காலியாகக் கிடைக்கிறது.

தம்பி, நீங்கள் இருப்பது சாதாரண ஊர் இல்லை. அங்கே கிறிஸ்துமஸ் சந்தை 1570இலிருந்து நடக்கிறது. 1992இலிருந்து ‘கிறிஸ்துமஸின் தலைநகர்’ என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஊர். க்ளெபர் சதுக்கத்தில் ஏறத்தாழ முப்பது மீட்டர் உயர மரம் நிற்கும். பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர். 1647இலிருந்து 1874வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு உயரம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அந்த ஒற்றைக் கோபுரத்தின் கீழே போய் நின்று நிமிர்ந்து பாருங்கள். இளஞ்சிவப்புக் கல், மேகத்தில் முனை தெரியாது.

சந்தைக்குப் போகும் பாலங்களில் பையைச் சோதிப்பார்கள். 2018 டிசம்பரில் அங்கே நடந்த தாக்குதலுக்குப் பிறகு அதில் யாரும் முகம் சுளிப்பதில்லை. பையைத் திறந்து காட்டிவிட்டு நடங்கள்.

ஜெர்கின் போட்டுக்கொண்டு போகாதீர்கள். திருச்சியில் வாங்கிய ஜெர்கின் ஊட்டிக்குத்தான். நல்ல கோட்டுக்கு ஜனவரி 8வரை காத்திருக்கலாம், அன்று குளிர்காலத் தள்ளுபடி தொடங்குகிறது. அதுவரை எம்மாவுஸ் போன்ற பழைய பொருள் கடையில் ஒன்று தேடுங்கள். காதையும் காலையும் காப்பாற்றினால் நடுவில் உள்ளதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.


முதல்குளிர் | 23 டிசம்பர், இரவு 10.05

போனேன். பேராலயத்தைப் பார்த்து முதலில் தோன்றியது, இன்னொரு கோபுரத்தைக் கட்ட மறந்துவிட்டார்களோ என்பதுதான். அம்மாவுக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். ‘காதை மூடு’ என்றார். கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. மங்கி குல்லாய் போட்டுக்கொண்டேன், இந்த ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

புதுவைக்காரி அக்கா பொங்கலைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் கல்லூரி விடுதியில் மணிப்பூர் மாணவன் ஒருவன் இருந்தான். பொங்கல் நான்கு நாளும் மெஸ் மூடியிருக்கும், நாங்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவோம். திரும்பி வந்து கரும்பு கொடுத்திருக்கிறேன். அந்த நான்கு நாள் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதில்லை. என் வீடு விடுதியிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

இன்று அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ‘நூடுல்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது, ஒரு சிரிப்பு முகத்தோடு.


முதல்குளிர் | 25 டிசம்பர், காலை 11.30

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.

மாலை ஆறேகால் இருக்கும். குப்பையைக் கீழே போட்டுவிட்டு வரலாம் என்று பனியனும் லுங்கியுமாக, காலுறையோடு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் இறங்கினேன். இந்த ஊர்க் கதவுக்கு வெளிப்புறத்தில் திருப்புகிற கைப்பிடி இல்லை, வெறும் குமிழ்தான் என்பதை நான் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் பொருள் நேற்றுத்தான் விளங்கியது. சாவி உள்ளே. அலைபேசி உள்ளே. குக்கரில் சாதம் உள்ளே, நல்லவேளை அடுப்பை அணைத்திருந்தேன். வீட்டுக்காரம்மா எழுநூறு எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

கீழ்த்தளத்தில் அஞ்சல் பெட்டிகள் பக்கத்தில் பூட்டுத் திறப்பவர்களின் ஒட்டுவில்லைகள் நான்கைந்து இருந்தன. போன் இல்லாதவனுக்கு அவை வெறும் படம். மாடிப்படியில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. பொத்தானை அழுத்தினேன். மறுபடி அணைந்தது. மேலேயும் கீழேயும் கதவுகளுக்குப் பின்னால் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. பண்டிகை நாளில் லுங்கியோடு போய் நிற்க வெட்கமாக இருந்தது. கடைசியில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா, கோட்டெல்லாம் போட்டுப் புறப்படத் தயாராக நின்றார். போன்ஜூர் என்றேன். மாலையில் போன்சுவார் சொல்லவேண்டும் என்று முதலில் என்னைத் திருத்தினார். பிறகுதான் என் காலுறையைப் பார்த்தார்.

என் அரைகுறை பிரெஞ்சில் நான் முடிப்பதற்குள் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு எக்ஸ்ரே படம். யாருடைய மார்போ தெரியவில்லை, விலா எலும்புகள் தெரிந்தன. அதைக் கதவின் இடுக்கில் செருகி, இரண்டு தட்டுத் தட்டி, தோளால் ஒரு தள்ளு. கதவு திறந்துகொண்டது. நான் ஒரு மணி நேரமாக அதன் முன் உட்கார்ந்திருந்தேன், அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குள் அவருடைய மகன் கீழே வண்டியோடு வந்துவிட்டார். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாரோ என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு: இல்லை. ஒரு தகரப் பெட்டி நிறைய சின்னச் சின்ன பிஸ்கட்டுகளைக் கையில் திணித்துவிட்டு, படிவிளக்குப் பொத்தானை எனக்காக ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டார். சோம்பு வாசனை வந்தது. நானும் புளிச்சாதமும் அந்த பிஸ்கட்டும்தான் நேற்றைய விருந்து. நன்றாகவே இருந்தது.


கணக்குப்பிள்ளை | 25 டிசம்பர், மதியம் 12.10

அந்த பிஸ்கட்டுக்குப் பெயர் பிரெடெலே. அல்சாஸில் டிசம்பர் முழுக்கச் சுடுவார்கள்.

அந்த ஒட்டுவில்லை எண்களை அழைக்க முடியாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். பண்டிகை இரவு, சாத்திய கதவு, பயந்துபோன வெளிநாட்டு மாணவன் என்றால் பல நூறு யூரோ பிடுங்குகிற ஆட்கள் அதில் உண்டு. கதவைத் திறப்பதற்குப் பதிலாகப் பூட்டையே துளையிட்டு, புதுப் பூட்டுக்கும் சேர்த்து ரசீது எழுதுவார்கள். இப்படி மாட்டுகிறவர்கள் முதலில் வீட்டுக் காப்பீட்டின் உதவி எண்ணை அழைக்கவேண்டும். வாடகைக்கு இருக்கிறவர்கள் அந்தக் காப்பீட்டை எடுத்தே ஆகவேண்டும், சில ஒப்பந்தங்களில் பூட்டுத் திறப்பதும் அடங்கும். ஆளை வரவழைத்தே ஆகவேண்டுமென்றால், கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் விலையை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. அந்த அம்மாவுக்கு அரை நிமிடம் என்றால் பழகிய திருடனுக்குக் கால் நிமிடம். வெளியே போகும்போது சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டுங்கள். அப்படிப் பூட்டினால் எக்ஸ்ரே வேலை செய்யாது.


லாசப்பல் வாசி | 25 டிசம்பர், பிற்பகல் 3.00

லுங்கியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே! தம்பி, நாங்கள் சாரம் என்போம். 1991இல் நானும் சாரத்தோடு ஒருமுறை வெளியே மாட்டிக்கொண்டேன். அப்போது ஒரே அறையில் ஒன்பது பேர் இருந்தோம், உள்ளே எப்போதும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் பிழைத்தேன்.

அந்த அம்மா திரும்பி வந்ததும் வெறுங்கையோடு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.


புதுவைக்காரி | 25 டிசம்பர், மாலை 4.20

அண்ணா சொன்னதை இந்த முறை அப்படியே வழிமொழிகிறேன். எலுமிச்சைச் சாதம் செய்யுங்கள், மிளகாய் குறைவாக. கடலையும் கடுகும் பார்த்து என்ன என்று கேட்பார், அதற்கு விளக்கம் சொல்லவே உங்களுக்கு அரை மணி நேரம் பிரெஞ்சு பேசவேண்டியிருக்கும்.

இன்னொரு செய்தி. தீயணைப்பு வீரர் யாராவது சீருடையில் வந்து கதவைத் தட்டினால் பயந்து ஓடவேண்டாம். ஆண்டுக் கடைசியில் நாட்காட்டி கொடுத்து அன்பளிப்பு வாங்க வருவார்கள், அஞ்சல்காரரும் வருவார். எங்கள் கட்டடத்தில் ஒரு மாணவன் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பாஸ்போர்ட்டோடு இறங்கி ஓடினான்.


முதல்குளிர் | 7 ஜனவரி 2025, இரவு 9.50

தாமதத்துக்கு மன்னிக்கவும். காஃப் விண்ணப்பம் 30ஆம் தேதி இரவு அனுப்பினேன். வங்கி ரொந்தேவு 9ஆம் தேதி.

28ஆம் தேதி எதிர் வீட்டம்மா வந்துவிட்டார். தகரப் பெட்டியில் எலுமிச்சைச் சாதம் வைத்துக் கொடுத்தேன். கறிவேப்பிலையை என்ன செய்வது, தின்பதா ஒதுக்குவதா என்று கேட்டார். எங்கள் வீட்டில் முப்பது ஆண்டாகத் தீராத வாக்குவாதம் அது, இரண்டு கட்சியையும் எடுத்துச் சொன்னேன்.

நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள். சாயங்காலம் கூப்பிட்டார். அவரும் அவருடைய தோழிகள் மூவரும், எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். பாதாம் வைத்த வட்டமான அப்பம், அதற்குள் எங்கோ ஒரு பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா. துண்டு போடும்போது இருப்பவர்களில் இளையவர் மேசைக்கு அடியில் போய், எந்தத் துண்டு யாருக்கு என்று பெயர் சொல்லவேண்டுமாம். குழந்தைகளின் வேலை அது. அங்கே இளையவன் நான். எனக்கு 22 வயது, ஆறடி உயரம். நான்கு பாட்டிகளின் செருப்புகளுக்கு நடுவே மண்டியிட்டு, ‘இது யாருக்கு’ என்று மேலிருந்து கேட்கக் கேட்க, எனக்கு நினைவிருந்த இரண்டே பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னேன். ஒரு பாட்டிக்கு மூன்று துண்டு போயிற்று. பொம்மை அவருக்குத்தான் கிடைத்தது.

என் மாற்றுச் சாவி இப்போது எதிர் வீட்டு இழுப்பறையில் இருக்கிறது. அவருடையது என்னிடம்.


மூன்றாம் பனி | 7 ஜனவரி, இரவு 10.15

அப்படியானால் எக்ஸ்ரேவுக்கு ஓய்வா?


முதல்குளிர் | 7 ஜனவரி, இரவு 10.22

இல்லை. அம்மா அடுத்த பார்சலில் இட்லிப் பொடியோடு ஒன்று அனுப்புகிறார், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பீரோ மேல் பத்து ஆண்டாகச் சும்மா கிடக்கிறதாம்.


லாசப்பல் வாசி | 7 ஜனவரி, இரவு 10.30

யாருடையது?


முதல்குளிர் | 7 ஜனவரி, இரவு 10.31

தாத்தாவின் முழங்கால். இரண்டு பக்கமும்.